மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது: வாயுவா, இதயமா?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். என் ஸ்மார்ட் வாட்ச் வி.ஓ.2 மேக்ஸ் (கடுமையாக உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு) 28, 'குறைவு' என்று காட்டுகிறது. இது குறைந்தால் ஆயுளும் குறையும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பிபிக்காகச் சாப்பிடும் மெட்டோபிரலால்தான் காரணம் என்று படித்துவிட்டு, ஒரு மாதமாக அதை நிறுத்திவிட்டேன். ஓய்வில் நாடித்துடிப்பு 78. வாட்ச் காட்டும் தூக்க மதிப்பெண்ணும் குறைவு. மூன்று வாரமாக மாடி ஏறும்போது நெஞ்சில் வாயு பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. தினமும் ஓட ஆரம்பிக்கலாமா? - வாசகர், மதுரை

பதில்: ஓட வேண்டாம். வேகமாக நடக்கவும் வேண்டாம். இதைப் படித்த அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் வாயு என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. வாயுத் தொல்லை பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி வரும், படுத்தால் கூடும். உடல் உழைக்கும்போது வந்து, நின்ற சில நிமிடங்களில் விட்டுவிடுகிற இறுக்கத்தை, வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதயத்தின் கணக்கில்தான் வைப்போம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தம் போதும். மாடி ஏறும்போது போதாது. இதுதான் ஆஞ்சைனா. 'சுருக்கென்று குத்தவில்லையே' என்று ஆறுதல் அடையாதீர்கள். பலருக்கு அது கனமாக, எரிச்சலாக, தாடையிலோ கையிலோ இழுப்பதாகத்தான் தெரியும். சர்க்கரை உள்ள சிலருக்கு வெறும் மூச்சுவாங்கலாக மட்டும் வரும்.

மருத்துவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: படி ஏறினால் வருகிறது, மூன்று வாரமாக வருகிறது, அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார், மாத்திரையை நானே நிறுத்தினேன். படுக்கவைத்து எடுத்த இசிஜி நார்மலாக இருந்தாலும் அதோடு வீடு திரும்பிவிடாதீர்கள். இந்த நோயில் ஓய்வு நேர இசிஜி நார்மலாக இருப்பது சகஜம். எக்கோவா, டிரெட்மில் டெஸ்டா, ஆஞ்சியோகிராமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன்பே சும்மா இருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போகாதீர்கள்.

அடுத்து, மாத்திரை. இதை வாசிக்கும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மெட்டோபிரலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாள்பட அதற்குப் பழகிய இதயம், அது நின்றதும் கூடுதல் வேகத்தில் துடிக்கும், பிபி ஏறும். குழாயில் அடைப்பு இருப்பவருக்கு ஆஞ்சைனாவையும் மாரடைப்பையுமே அது கிளப்பிவிடலாம். நிறுத்த வேண்டுமென்றால் நாங்களே ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் குறைப்போம். நீங்கள் நிறுத்திய தேதியையும் இறுக்கம் தொடங்கிய நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதையும் இன்று பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். போதும், இனி இணையத்தைக் கேட்டு மருந்தில் கை வைக்காதீர்கள்.

வாட்ச் ஆக்சிஜனை அளக்கவில்லை. வி.ஓ.2 மேக்ஸ் என்பது முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சுக்காற்றை ஆராய்ந்து கண்டுபிடிப்பது. வாட்ச் உங்கள் நடை வேகத்தையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. இந்த மாத்திரை துடிப்பைக் குறைப்பதால் ஊகம் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் வரும். அதை நிறுத்தினால் எண் இன்னும் இறங்கவே வாய்ப்பு. நாடித்துடிப்பு 78 நார்மல். தூக்க மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள்.

அப்பாவைப் போலவே எனக்கும் ஆகிவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். யூடியூபில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வி.ஓ.2 மேக்ஸ் காட்டும் இதய-நுரையீரல் திறன் குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்தான். 28-ஐ 3.5-ஆல் வகுத்தால் 8 மெட். ஒரு மெட் என்பது சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன் அளவு, அதுதான் இந்த 3.5. 8 மெட் என்றால் அதைப் போல எட்டு மடங்கு. 2002-இல் அமெரிக்காவில் 6,213 ஆண்களின் டிரெட்மில் பரிசோதனைகளை வைத்து வந்த ஆய்வில், 5 மெட்கூட எட்டாதவர்களின் இறப்பு ஆபத்து, 8-ஐத் தாண்டியவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு மெட் கூடும்போதும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது. 46 வயதுக்கு 8 பெருமைப்படும் எண் இல்லைதான், ஆனால் அதைப் பார்த்து ஆயுளை எண்ண வேண்டியதில்லை.

யூடியூபில் சொல்லாத மீதிப் பாதி, இந்தத் திறன் ஏறும் என்பது. 1966-இல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். திறன் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐவரையும் பரிசோதித்தபோது, அத்தனை வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரிந்தது. 50 வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்து, வயதால் இழந்த திறனை மீட்டார்கள். அப்பாவின் மரபை உங்களால் மாற்ற முடியாது, இதை முடியும். கூடவே கொலஸ்ட்ராலையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதய மருத்துவர் சரி என்ற பிறகு, பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். வாரம் 150 நிமிடத்தை எட்ட இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்தாலும் நடைப்பயிற்சி உண்டு, முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பில் தொடங்குவார்கள். ஓட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுங்கள், ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.