கொரியாவில் வசிக்கிறோம், எங்கே போகலாம்? கேள்வி பதில்

கொரியாவுக்கு ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வழி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். படிக்கவோ வேலைக்கோ வந்து இங்கேயே வீடு எடுத்துத் தங்கியவர்களின் கேள்விகள் வேறு மாதிரி. அவர்களுக்கு லீவு குறைவு. ஆனால் எந்த மாதத்தில் எது நடக்கிறது என்று பார்த்து, கூட்டம் இல்லாத நாளாகத் தேர்ந்தெடுத்துப் போகும் வசதி உண்டு. நான் பல வருடங்களாகச் சியோலில் இருக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, தேஜோனில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். வருடத்தில் ஒரே ஒரு திருவிழாவுக்குத்தான் போக முடியும். லேபில் எல்லோரும் போர்யோங் சேற்றுத் திருவிழாவைச் சொல்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம் தம்பி. ஜூலையில் தேச்சோன் கடற்கரையில் நடக்கும். அந்தப் பகுதிச் சேற்றில் செய்த அழகுப் பொருட்களை விளம்பரப்படுத்த 1998-இல் தொடங்கியது. நண்பர்களோடு போய் ஒரு நாள் முழுக்கச் சேற்றில் புரண்டு சிரித்துவிட்டு வரலாம்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் காங்நுங் தானோஜேவைத்தான் சொல்வேன். சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் தானோ. பெரும்பாலும் ஜூனில் வரும். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் காங்நுங் ஊரில், நாம்தேச்சோன் ஆற்றங்கரையில் கூடாரங்கள் போட்டுப் பல நாள் நடக்கும். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே தெய்வத்துக்கான மது காய்ச்சுவதில் வேலை ஆரம்பமாகிவிடும். அதற்கான அரிசியை ஊர் மக்களே கொடுக்கிறார்கள். தேக்வால்லியோங் மலைக் கணவாயிலிருந்து காவல் தெய்வத்தை ஊருக்குள் அழைத்து வருவார்கள். முதாங் எனப்படும் பெண் பூசாரிகள் நாள் முழுக்கப் பாடி ஆடிச் சடங்கு செய்வார்கள். அந்தக் கூடாரத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாட்டிகள் பாய் விரித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, சடங்கு முடியும்வரை நகர மாட்டார்கள்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். அங்கே நடக்கும் குவான்னோ முகமூடி நாடகத்தில் வசனமே கிடையாது, எல்லாம் ஆட்டமும் சைகையும்தான். சிரும் மல்யுத்தம், உயரமான ஊஞ்சல் போட்டி எல்லாம் உண்டு. சாங்போ என்ற செடியை வேகவைத்த தண்ணீரில் தலை அலசும் வழக்கத்தையும் செய்து பார்க்கலாம். அந்தச் செடி நம் வீட்டு வசம்புதான். யுனெஸ்கோ இந்த விழாவை 2005-இலேயே மானுடத்தின் வாய்மொழி, புலப்படா மரபுகளின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. ஆனாலும் இது இன்னும் ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்தும் விழாவாகவே இருக்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு பிடிக்கும். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்.

வணக்கம் அக்கா. நான் இலங்கையிலிருந்து வந்து ஆன்சானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு, சிலவேளை சனி மத்தியானம் விடுவார்கள். தூர ஊர்களுக்குப் போக ஏலாது. கிட்ட ஏதும் இருக்கா?

தம்பி, ஆன்சானில் ஓடும் 4-ஆம் எண் ரயில் ஒன்றே உங்களுக்குப் பாதி சியோலைக் காட்டிவிடும்.

அதே ரயிலில் இச்சோன் நிலையத்தில் இறங்கினால் கொரியத் தேசிய அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் மாடியில் சிந்தனையில் ஆழ்ந்த இரண்டு போதிசத்துவர் சிலைகள் மட்டும் ஒரு இருண்ட அறையில் இருக்கின்றன. ஒரு வார வேலைக் களைப்போடு போய் அங்கே நின்று பாருங்கள்.

அப்புறம், புத்தர் பிறந்த நாளுக்கு முந்தைய வார இறுதியில் நடக்கும் யோந்துங்ஹ்வே விளக்குத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். இது சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதத்தில், ஏறக்குறைய மே மாதத்தில் வரும். சனிக்கிழமை மாலை தோங்தேமுன் பக்கமிருந்து ஜோங்னோ தெரு வழியாக ஜோக்யேசா கோயில் நோக்கி ஊர்வலம். கையில் காகித விளக்கோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பார்கள். யானை, டிராகன் வடிவத்தில் பெரிய விளக்குகள் வரும். சனி வேலை இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு பகலில் ஜோக்யேசா முன்னால் தெருவை மூடி, தாமரை விளக்கு செய்வது, கோயில் சாப்பாடு, மற்ற பௌத்த நாட்டவர்களின் கடைகள் என்று நடக்கும். தோங்தேமுனில் 1-ஆம் எண் ரயிலுக்கு மாறி ஜோங்காக்கில் இறங்குங்கள். அரண்மனைகளும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.

கச்சேரி டிக்கெட் வாங்கப் போனால் ஏதோ சரிபார்ப்பு கேட்டு வெளியே தள்ளிவிடுகிறது. ரெசிடென்ஸ் கார்டு இருந்தும் இப்படி. என்ன செய்வது? (சுவோன், மென்பொருள் பொறியாளர்)

நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் வரும் சிக்கல் இது. கொரிய டிக்கெட் தளங்கள் கேட்பது ‘போனின் இன்ஜுங்’, அதாவது உங்கள் பெயரில் பதிவான கைபேசி எண் வழியாக ஆளை உறுதி செய்வது. முதலில், சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பர் பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருந்தால் வேலைக்கு ஆகாது. விமான நிலையத்தில் கடப்பிதழ் காட்டி வாங்கிய சிம் என்றால், கடைக்குப் போய் ரெசிடென்ஸ் கார்டு எண்ணுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோ இனிஷியலோதான். கடப்பிதழில் ஒரு மாதிரி, கைபேசி நிறுவனத்தில் வேறு வரிசையில், வங்கியில் இடைவெளி இல்லாமல் என்று பதிவாகியிருக்கும். கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். ரெசிடென்ஸ் கார்டில் இருப்பதை அப்படியே, பெரிய எழுத்து, இடைவெளி உட்பட, கைபேசிக் கடையிலும் வங்கியிலும் பதியச் சொல்லுங்கள். ஒரு நாள் அலைச்சல்தான். ஆனால் அதற்குப் பிறகு டிக்கெட் மட்டுமல்ல, இணையத்தில் பொருள் வாங்குவதும் அரசுச் செயலிகளும் எளிதாகிவிடும்.

அது சரியாகும்வரை, பெரிய டிக்கெட் தளங்களின் வெளிநாட்டவருக்கான பக்கத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லாக் கச்சேரியும் அதில் வராது. சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். பணம் போய்விடும். டிக்கெட் உண்மையானதாக இருந்தாலும் வாசலில் அடையாள அட்டைப் பெயர் பொருந்தாமல் திருப்பி அனுப்புவார்கள்.

டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை அக்கா. காசில்லாமல் கே-பாப் பார்க்க வழியே இல்லையா? (குவாங்ஜு, முதுகலை மாணவி)

இருக்கிறது. மே மாதம் உன் பல்கலைக்கழக விழாவைப் பார். பெரிய குழுக்கள்கூடக் கல்லூரி மைதானத்தில் வந்து பாடுவார்கள். பல கல்லூரிகளில் மேடைக்கு முன்னால் சொந்த மாணவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்குவார்கள். மாணவர் அட்டையைக் காட்டி முன்கூட்டியே கைப்பட்டி வாங்க வேண்டியிருக்கும், அறிவிப்பைக் கவனித்துக்கொள். இந்த வாய்ப்பு படிக்கும் காலத்தோடு முடிந்துவிடும், லேபில் உட்கார்ந்து வீணாக்காதே.

தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுக்கும் பெரும்பாலும் கட்டணம் இல்லை, ஆனால் அதிகாரபூர்வ ரசிகர் மன்றத்தில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கே முன்னுரிமை. விடியற்காலையில் ஒளிப்பதிவு வைப்பார்கள். ஒரு குழுவின் மேல் உண்மையான பிரியம் இருந்தால் மட்டும் இறங்கு. மற்றபடி ஊர்த் திருவிழாக்களின் மாலை மேடைகளைப் பார். த்ரோட் எனும் பழைய பாணிக் கொரியப் பாட்டுப் பாடுபவர் மேடை ஏறியதும் பாட்டிகளும் தாத்தாக்களும் விளக்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு பாடுவதைப் பார்த்தால், இந்த நாட்டின் வெகுஜன இசை இளைஞர்களுடையது மட்டுமல்ல என்று புரியும்.

சுசோக் அறுவடைத் திருநாள் விடுமுறையில் ஊரே காலியாகிவிடுகிறது. தனியாக அறையில் கிடக்க வேண்டியதுதானா?

சுசோக், சந்திரப் புத்தாண்டான சியோல்லால் இரண்டுக்கும் மூன்று மூன்று நாள் விடுமுறை. எல்லோரும் சொந்த ஊர் போவதால் ரயில் டிக்கெட்டை சில வாரங்களுக்கு முன்பே தனியாக விற்பனை வைத்துத் தீர்த்துவிடுவார்கள். அதனால் அந்த நாட்களில் வெளியூர் போகத் திட்டமிட வேண்டாம், சியோலிலேயே இருங்கள். அரண்மனைகளுக்கு அப்போது நுழைவுக் கட்டணம் இல்லை. நாம்சான்கோல் ஹனோக் கிராமத்தில் குச்சிகளை எறிந்து ஆடும் யுட் போன்ற பழைய விளையாட்டுகள் நடக்கும். வழக்கமான நெரிசல் இல்லாத ஜோங்னோவில் நிதானமாக நடக்கலாம். சின்னக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் முந்தைய நாளே அரிசி, காய்கறி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொரிய நண்பர் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். காலையில் முன்னோர்களுக்கு மேசையில் பழம், சோறு, மீன், மது எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள், நம் வீட்டுப் படையல் போலவே இருக்கும். ஒரு பழப்பெட்டி வாங்கிப் போய் இரண்டு கையாலும் கொடுங்கள். பெண்கள் அடுப்படியில் பரபரத்துக்கொண்டிருந்தால் சோங்ப்யோன் பிடிக்க நீங்களும் உட்காருங்கள். அரிசி மாவில் எள்ளும் இனிப்பும் வைத்து மூடும் கொழுக்கட்டைதான், கை பழகியது உடனே வரும்.

நாங்கள் சைவம். திருவிழாவுக்குப் போனால் பட்டினிதான். வழி உண்டா?

புத்தர் பிறந்த நாளன்று பெரும்பாலான கோயில்களில் வருபவர்களுக்கெல்லாம் இலவசமாக பிபிம்பாப் எனும் காய்கறி கலந்த சோறு போடுவார்கள். இறைச்சி கிடையாது. கோயில் சமையலில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். 2002 உலகக் கோப்பைக் காலத்தில் தொடங்கிய ‘டெம்பிள் ஸ்டே’யில் ஓர் இரவு தங்கினால் மூன்று வேளையும் கவலையில்லாமல் சாப்பிடலாம்.

மற்ற இடங்களில் கவனம் வேண்டும். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் சேரும். குழம்புகளுக்கு நெத்திலிச் சாறு. ‘கோகி பே ஜுசேயோ’ என்றால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள், மீன் சாறு அப்படியே இருக்கும். திருவிழாக் கடைகளில் வறுத்த கஷ்கொட்டை, வேகவைத்த சோளம், சர்க்கரை வைத்த ஹொத்தோக் ஆகியவை கைகொடுக்கும்.

கொரியாவின் முதல் ராணி தமிழ்ப் பெண் என்கிறார்களே, அந்த இடத்தைப் பார்க்க முடியுமா? (புசான்)

முடியும், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புசான் சாசாங்கிலிருந்து கிம்ஹே போகும் இலகு ரயிலில் ஏறி, சுரோ மன்னர் கல்லறை நிலையத்தில் இறங்குங்கள்.

கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள். அது இருப்பது ‘சம்குக் யுசா’ என்ற நூலில். 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது. கி.பி. 48-இல் ‘அயுதா’ நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் கப்பலில் வந்து, கயா நாட்டின் சுரோ மன்னரை மணந்தாள் என்கிறது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. அயுதாவை அயோத்தி என்று கொண்டு 2001-இல் அங்கே நினைவிடமும் எழுப்பினார்கள். அது தமிழகம்தான், அவள் பெயர் செம்பவளம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கல்லறை வாயிலில் வரைந்த இரட்டை மீனைப் பாண்டியரோடு சேர்ப்பதும் உண்டு. எனக்கும் அப்படி இருந்தால் பிடிக்கும். ஆனால் அதை நிறுவும் சான்று எதுவும் கிடைக்கவில்லை, உறுதியான வரலாறாகப் பகிர வேண்டாம்.

சான்று இல்லாவிட்டாலும் போகத் தகுந்த இடம். ராணியின் மேட்டுக்கல்லறை தனியாக, மரங்கள் சூழ இருக்கிறது. பக்கத்தில் பாசா கல் கோபுரம், அலையை அடக்க அவள் கப்பலில் ஏற்றி வந்த கற்கள் என்பது மரபு. கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் தங்களை அவள் வழிவந்தவர்களாகவே நினைத்து, ஒருவரை ஒருவர் மணக்காமல் இருந்திருக்கிறார்கள். பக்கத்து தேசோங்தோங் கல்லறை மேடுகள் 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கயா கல்லறைத் தொகுதிகளில் ஒன்று. இரும்பால் வளர்ந்த நாடு அது. கிம்ஹே தேசிய அருங்காட்சியகத்தில் இரும்புக் கவசங்களைப் பாருங்கள். ஞாயிறு போனால் தோங்சாங்தோங் சந்தைப் பக்கம் தெற்காசியச் சாப்பாடும் கிடைக்கும்.

வெளிநாட்டவர் ஹன்போக் என்ற கொரிய மரபு உடையை உடுத்தினால் கொரியர்கள் தவறாக நினைப்பார்களா?

மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். ஹன்போக் அணிந்தால் அரண்மனைகளுக்கு நுழைவும் இலவசம். கியோங்போக்குங் செவ்வாயன்று மூடியிருக்கும், சாங்தொக்குங் திங்களன்று. நான் சாங்தொக்குங்கைச் சொல்வேன், ஆனால் அதன் பின்தோட்டத்துக்குத் தனி டிக்கெட், முன்பதிவு தேவை.

கிரிக்கெட் இல்லாமல் கை நடுங்குகிறது. பேஸ்பால் புரியுமா?

புரியும். ஜாம்சில் அல்லது புசானின் சாஜிக் மைதானத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். மார்ச் இறுதி முதல் அக்டோபர் வரை சீசன், திங்களன்று ஆட்டம் கிடையாது. 2024-இல் முதல் முறையாக ஒரு கோடிப் பார்வையாளர்களைத் தாண்டியது கொரிய லீக். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு உண்டு. அவர் மட்டை பிடிக்க வந்தால் பக்கத்து வீட்டுத் தாத்தா முதல் குழந்தை வரை எழுந்து நின்று கை அசைவோடு பாடுவார்கள். உள்ளூர் அணியின் உற்சாகப் பகுதியில் சீட் வாங்குங்கள், ஜாம்சிலில் அது முதல் பேஸ் பக்கம். சாப்பாடு வெளியிலிருந்து கொண்டு போகலாம்.

அம்மா அப்பாவை எந்த மாதம் அழைத்து வரலாம்?

செர்ரிப் பூவுக்காக ஏப்ரலில் வரச் சொல்லாதீர்கள். பூ ஒரு வாரம்தான், மழை வந்தால் அதுவும் இல்லை. ஜின்ஹேயில் வார இறுதிக் கூட்டத்தில் பெரியவர்களால் நிற்கவும் முடியாது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நல்லது. மழை குறைவு, குளிர் ஒரு ஸ்வெட்டரோடு சமாளிக்கும் அளவு. கியோங்ஜுவில் இரண்டு நாள் வையுங்கள். தேருங்வோன் கல்லறை மேடுகளும் சோம்சோங்தே என்ற பழைய வானாய்வுக் கோபுரமும் சமதளத்தில், மெதுவாக நடக்கலாம். புல்குக்சா கோயிலுக்கு 2023 மே முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. அக்டோபரில் ஜின்ஜு ஊரின் நாம் நதியில் மிதக்கும் விளக்குத் திருவிழா நடக்கும், 1592 ஜப்பானியப் படையெடுப்பில் கோட்டைக்காரர்கள் விளக்கு மிதக்கவிட்டதை ஒட்டியது. நாள் ஒத்துவந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடப் போகும்போது நாற்காலி உள்ள கடையாகப் பாருங்கள், தரையில் உட்கார்ந்து எழுவது அவர்களுக்குச் சிரமம். கேடிஎக்ஸ் டிக்கெட் ஒரு மாதம் முன்பு திறக்கும். இலை சிவக்கும் வார இறுதிகள் அன்றே போய்விடும், அதனால் விசா கைக்கு வந்ததும் செவ்வாய், புதனாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.