துவக்கின் பாரம் எங்கே நிற்கிறது?

அன்புள்ள அண்ணா,

துவக்கு உரிமமும் மான் வேட்டை அனுமதியும் கிடைத்துவிட்டன. நவம்பரில் வட ஒன்ராறியோவில் வெள்ளைவால் மானுக்குப் போகிறோம், அடர்ந்த காடு. .308 அளவு ரவை சுடும் றைபிள் என்று முடிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் 24 அங்குலக் குழல் எடுக்கச் சொல்கிறார், நண்பர் 20 போதும் என்கிறார். தோளில் வைக்கும் கட்டை மரமா, பிளாஸ்டிக்கா? ‘பலன்ஸ்’ முக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படிப் பார்ப்பது? என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்.

க., பிரம்டன்

அன்புள்ள க.,

குழலைப் பிறகு பார்ப்போம். உங்கள் உயரத்துக்கு முதலில் அளக்க வேண்டியது கட்டையைத்தான். விசைவில்லிலிருந்து கட்டையின் அடிவரை 13½ அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் பெரும்பாலான றைபிள்கள் வருகின்றன. அது உங்களைவிட நான்கைந்து அங்குலம் உயர்ந்தவருக்கான அளவு. போதாததற்கு நவம்பரில் தடித்த ஜக்கெற் போட்டிருப்பீர்கள். துவக்கைத் தூக்கும்போது கட்டையின் அடி அக்குளில் மாட்டும், அதற்குள் மான் போய்விடும். 12½ முதல் 13 வரை தேடுங்கள். அடியில் தட்டுகளைச் செருகி நீளத்தை மாற்றக்கூடியவை இன்னும் நல்லது. அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடாது. உதைக்கும்போது ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கட்டையில் கன்னத்தை வைத்தால் பெருவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும்.

கடைக்கு வேட்டை ஜக்கெற்றோடு போங்கள். போல்ட்டை (அறையை மூடும் அடைப்பானை) இழுத்துத் திறந்து, ரவை ஏறும் அறை வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, ஆளில்லாத பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் கட்டையின் நீளமோ, கன்னம் படும் மேட்டின் உயரமோ, ஸ்கோப் பூட்டிய இடமோ பிழை. பத்துத் தடவை செய்து பாருங்கள்.

இனி பலன்ஸ், அதாவது துவக்கு விரலில் சாயாமல் நிற்கும் புள்ளி. வெறும் துவக்கை விரலில் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. காட்டுக்குக் கொண்டுபோகும் ஸ்கோப், தோள்பட்டி எல்லாம் பூட்டியபின் பாருங்கள். ரவைகளை அடைக்கும் கூட்டின் முன்விளிம்பை ஒட்டி, அல்லது ஓர் அங்குலம் முன்னே தள்ளி அந்தப் புள்ளி இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்குப் பின்னால் நின்றால் குழல்வாய் இலேசாகி, நின்றபடி சுடும்போது மூச்சுக்கெல்லாம் ஆடும். அதிகம் முன்னால் போனால் இடக்கை சோர்ந்துவிடும். ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு துவக்குகள் கையில் வேறுவேறாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். பாரம் இரண்டு நுனிகளிலும் இருந்தால் திருப்புவதும் மெதுவு, நிறுத்துவதும் மெதுவு. இரண்டு கைகளுக்கும் நடுவே திரண்டிருந்தால் உடனே திரும்பும்.

இங்கேதான் உங்கள் குழல் கேள்விக்கு விடை இருக்கிறது. கட்டை குட்டையானால் பின்பாரம் குறையும், துவக்கு முன்பக்கம் சாயும். 24 அங்குலம் அதை மோசமாக்கும். ஆகவே உங்களுக்கு 20, மிஞ்சினால் 22. .308 ரவைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 அடி குறையும். 2,800 அடியில் நூறு போனால் அடர்காட்டில் நூறு மீற்றருக்குள் நிற்கும் மானுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சத்தம்தான் கூடும். நீளக் குழலை வாங்கி அறுப்போம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அறுத்த குழல் 457 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் கனடியச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட துவக்கு. அதற்கு மேலே அறுத்தாலும் வாயைத் துல்லியமாகக் கடையாவிட்டால் வாயு ஒருபக்கமாகப் பீறிட்டு ரவையைத் தள்ளிவிடும்.

பென்சில்போல் மெலிந்த குழலும் வேண்டாம். மூன்று நான்கு வெடியில் சூடேறினால் ரவை படும் இடம் மாறலாம். மானுக்கு முதல் வெடிதான் முக்கியம் என்பது உண்மை. ஆனால் ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டி வரும்.

வால்நட் கட்டை அழகு, கையிலும் கதகதப்பு. மழையிலும் உருகும் பனியிலும் ஊறினால் அது குழலை நெருக்கும். வாங்குமுன் ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி இழுங்கள். அது தடையின்றிப் பின்னே போக வேண்டும். கட்டையின் கழுத்தில் மரத்தின் ரேகை நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். குறுக்கே ஓடினால் விழும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

உங்கள் பயணத்துக்கு நான் பிளாஸ்டிக்கைச் சொல்வேன். அதன் அடிப்பகுதி பெரும்பாலும் உள்ளே வெறுமையாக இருக்கும். துவக்கு முன்னே சாய்ந்தால் அடியிலுள்ள றப்பர் தட்டைக் கழற்றி, 150 கிராம் ஈயக்குண்டை ஆடாமல் பஞ்சுவைத்து அடைத்து, மறுபடி விரலில் நிறுத்திப் பாருங்கள்.