குளிரில் எரியும் டயர் விளக்கு: கேள்வி பதில்

கனடாவில் உறைபனி விழுந்த மறுநாள் காலை, டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு: குதிரைலாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள்; கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். "எவ்வளவு காற்று அடிக்கணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது இருக்கிறது.

மார்க்கம்: நேற்றுவரை ஒன்றுமில்லை. இன்று காலை மைனஸ் 12, விளக்கு எரிகிறது. நான்கு டயரும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பஞ்சரா?

நான்கையும் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் குளிர். மூன்று 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காட்டி ஒன்று மட்டும் 22 காட்டினால் அந்த ஒன்றில் கசிவு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய டயர் 10 பிஎஸ்ஐ குறைந்தாலும் குண்டாகத்தான் தெரியும்.

ஆனால் பழியைக் குளிர்மேல் மட்டும் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும். 35 என்றால் உள்ளே உண்மையில் ஏறக்குறைய 49.7. வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து மைனஸ் 12க்கு, அதாவது 293 கெல்வினிலிருந்து 261க்கு இறங்கும்போது அந்த 49.7 சுமார் 44.3 ஆகும். கேஜில் 29.6. பல கார்களில் விளக்கு எரிய இது போதாது. அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கர் அளவில் 25 சதவீதம் குறைவதற்குள் விளக்கு எரிய வேண்டும். 35க்கு அது 26.25. மீதி எங்கே போனது? நல்ல டயரிலும் மாதம் ஒரு பிஎஸ்ஐ வரை ரப்பர் வழியே கசியலாம். கோடையில் அடித்துவிட்டு நான்கு மாதம் தொடாமல் விட்டிருப்பீர்கள். 35 அப்போதே 31 ஆகிவிட்டது. குளிர் வந்து இன்னொரு 5ஐ எடுத்ததும் 26. விளக்கு எரிந்தது இன்று, குறை சேர்ந்தது கோடையிலிருந்து.

கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். அப்போது ஸ்டிக்கர் அளவுக்கு அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் '51' என்று பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்கான அளவல்ல. இன்னொன்று: ஓடிச் சூடான டயர் 38, 39 காட்டுகிறதே என்று காற்றை இறக்காதீர்கள். மறுநாள் காலை அது 33க்கும் கீழே கிடக்கும்.

ஸ்கார்பரோ: அண்ணை, என்ர கார் கராஜுக்குள்ளதான் நிக்கிறது. அங்க வச்சு ரயருக்குக் காத்து அடிச்சா சரியா 33 காட்டுது. வேலைக்குப் போய் வெளியில விட்டா லைட் பத்துது. மீற்றர் பிழையோ?

மீற்றர் சரி, இடம்தான் பிழை. கராஜுக்குள் 18 டிகிரி, வெளியே மைனஸ் 12 என்றால் 30 டிகிரி வித்தியாசம். உள்ளே 33 இருந்தது வெளியே 28 ஆகும்; சில கார்களில் அதற்கே விளக்கு எரியும். சுமாராக 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கராஜுக்குள் அடிக்கும்போது ஸ்டிக்கருக்கு மேல் 5 சேர்த்து 38 அடியுங்கள். தினமும் வானிலை பார்த்துத் திருத்தத் தேவையில்லை. அந்த வாரத்துக் காலைக் குளிரைச் சராசரியாக எடுத்தால் போதும். ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் மட்டும் இருந்தால் 6.9ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 230 என்றால் 33.

பிராம்ப்டன்: விளக்கு எரிகிறது. என்ன செய்வது?

மார்க்கம்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மான்ட்ரியால்: பனியில் பிடிமானம் வேண்டும் என்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டணும் என்கிறார்களே?

மணலுக்கான யோசனையைப் பனிக்குக் கொண்டுவருகிறார்கள். மணலில் மெதுவாக, அகலமாக மிதந்து போக வேண்டும். சாலையில் உள்ள பனிச்சேற்றை டயர் வெட்டிக்கொண்டு தரையைத் தொட வேண்டும். தளர்ந்த டயர் அதன்மேல் ஏறி வழுக்கும். உறைந்த குழியில் இறங்கினால் ரிம் அடிபடும். பிடிமானம் ரப்பரில் இருக்கிறது. 7 டிகிரிக்குக் கீழே கோடை டயர் விறைக்கத் தொடங்கும், குளிர்கால டயர் இளகியே இருக்கும். உங்கள் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டமும்கூட.

மிசிசாகா: டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார்கள். குளிரில் சுருங்காதாம். உண்மையா?

இல்லை. நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். வெப்பநிலை இறங்கினால் அழுத்தம் இறங்குவது எல்லா வாயுவுக்கும் ஒன்றுதான். காற்று 35லிருந்து 29.6க்கு இறங்கும் இடத்தில் நைட்ரஜனும் 29.6க்குத்தான் இறங்கும்.

ஓக்வில்: ஐயா, விமான டயருக்கு நைட்ரஜன்தானே அடிக்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும், ஆனால் காரணம் வேறு. பெரிய விமானம் இறங்கும்போது பிரேக் பழுக்கக் காய்ந்துவிடும். டயருக்குள் ஆக்சிஜன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம். அதனால் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும் உங்கள் காருக்கு அந்தத் தலைவலி கிடையாது.

பிக்கரிங்: நைட்ரஜன் மெதுவாகத்தானே கசியும்? அதையும் சொல்லுங்கள், ஒருபக்கமாகப் பேசாதீர்கள்.

சரி, சொல்கிறேன். ரப்பர் வழியே ஆக்சிஜனைவிட நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் டயர்களை ஓட்டாமல் ஓராண்டு வைத்துச் சோதித்தது. 30 பிஎஸ்ஐயில் தொடங்கி, காற்று அடித்தவை சராசரியாக 3.5 இழந்தன, நைட்ரஜன் அடித்தவை 2.2. ஓராண்டுக்கு வித்தியாசம் 1.3. மாதம் ஒருமுறை கேஜ் வைப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வைக்காதவரை நைட்ரஜனும் காப்பாற்றாது.

ஓக்வில்: ஈரப்பதம்? நைட்ரஜனில் ஈரம் இல்லை. காற்றில் இருக்கும் நீராவி குளிரில் உறைந்தால் அழுத்தம் இன்னும் இறங்குமே?

இறங்கும், எவ்வளவு என்று பாருங்கள். 20 டிகிரியில் நீராவி முழுக்க நிறைந்திருந்தாலும் அதன் பங்கு 2.3 கிலோபாஸ்கல், அதாவது ஒரு பிஎஸ்ஐயில் மூன்றில் ஒரு பங்கு. அது முழுதும் உறைந்தாலும் சாதாரண கேஜில் கண்டுபிடிப்பது கடினம். ஈரம் தொல்லை கொடுக்கும் இடம் வேறு, வால்வு. அடுத்த கேள்வி அதுதான்.

எட்மன்டன்: மைனஸ் 28ல் அழுத்தம் பார்த்தேன். கேஜை எடுத்த பிறகும் 'ஸ்ஸ்' நிற்கவில்லை. டயர் பாதி இறங்கிவிட்டது.

வால்வுக்குள்ளே இருக்கும் ஊசியில் ஈரம் உறைந்து, அது மூடாமல் நின்றுவிட்டது. கேஜைத் திரும்ப வைத்து இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள், பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், அதுவே உறைந்து பனிக்கட்டியாகும். மூடியை உடனே போடுங்கள். ஈரத்தையும் சாலை உப்பையும் தடுப்பது அதுதான். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பளபள உலோக மூடி உப்புப் பட்டு வால்வோடு ஒட்டிக்கொள்ளும், திருகினால் வால்வே முறியும். வீட்டு கம்ப்ரசர் என்றால் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு அடியுங்கள்.

லண்டன், ஒன்டாரியோ: ஒரு டயர் மட்டும் வாரம் 4 பிஎஸ்ஐ இறங்குகிறது. ஆணி எதுவும் இல்லை.

அலுமினிய ரிம்மா? உப்பில் அரித்து, டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் காற்று போகும். சோப்புத் தண்ணீர் உறைந்துவிடும், அதனால் கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தை ரிம் ஓரம் முழுக்க, வால்வு அடியிலும் தெளித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். ஓரத்தில் வந்தால் டயரைக் கழற்றி, ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்து, விளிம்புக்கான சீலர் பூசி மாட்டச் சொல்லுங்கள்.

ஒட்டாவா: விளக்கு முதலில் ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது. காற்று சரியாக இருக்கிறது.

அது காற்றுக் குறை இல்லை, கருவிக் கோளாறு. டயருக்குள் உள்ள சென்சாரின் பேட்டரி தீரும் காலமாக இருக்கலாம்; குளிரில் முதலில் மடங்குவது அதுதான். சென்சார் இல்லாத குளிர்கால சக்கரங்களை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் மினுக்கும்.

கால்கரி: சினூக் என்னும் வெப்பக் காற்று வந்து ஒரே நாளில் மைனஸ் 20லிருந்து பிளஸ் 8. டயர் 40 காட்டுகிறது. இறக்கலாமா?

நின்ற டயரில் 40தானே? ஸ்டிக்கர் 35 என்றால், இரண்டு நாளில் குளிர் திரும்பும் எனில் விட்டுவிடுங்கள். வசந்தம் நிலைத்த பிறகு இறக்குங்கள். ஓடிய டயர் என்றால், மேலேயே சொல்லிவிட்டேன்: சூட்டில் இறக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம்: எங்களுக்கும் ஒரு பதில். இங்கே 32 டிகிரியில் 33 அடித்து ஊட்டிக்குப் போனால், அங்கே 8 டிகிரியில் குறைந்துவிடாதா?

இன்றைய நல்ல கேள்வி. குளிரால் மட்டும் நான்கு பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்று பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் அந்த மூன்று திரும்பக் கிடைத்துவிடும். மலை ஏறி, இரவு நிறுத்தி, காலையில் பார்த்தால் ஏறக்குறைய 32 இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த சூட்டோடு பங்க்கில் கேஜ் வைத்து, கூடுதல் என்று இறக்கிவிடத்தான் வேண்டாம்.

வாட்டர்லூ: விளக்கு எரிகிறது, பஞ்சரா?

மார்க்கம்.

கிங்ஸ்டன்: ஸ்டெப்னி?

சின்ன தற்காலிகச் சக்கரம் என்றால் 60 பிஎஸ்ஐ. அதையும் பாருங்கள், பெரும்பாலான கார்களில் அதற்கு விளக்கு கிடையாது.

மிசிசாகா: நைட்ரஜன் ஏற்கெனவே அடித்துவிட்டேன். இப்போது குறைந்திருக்கிறது. மேலே சாதாரணக் காற்று அடிக்கலாமா? நைட்ரஜனுக்கென்று வால்வில் போட்ட பச்சை மூடி ஒன்றும் தொலைந்துவிட்டது.

அடியுங்கள். மூடி எந்த நிறமானாலும் சரி, பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.