வாசகர் கேள்வி – பதில்: யாருடைய பங்கிலிருந்து கொடுப்பது?

கேள்வி: கணவரும் நானுமாக மாதம் 22,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வாடகை 7,000, அடகு வட்டியும் சீட்டும் சேர்ந்து 4,500. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் தவறாமல் சபைக்குப் போகிறது. அதற்கு மேலும் இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஆசை. பைபிளில் ஏழை விதவை தனக்கிருந்த இரண்டு காசு முழுவதையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாளே, இந்த மாதச் சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிடலாமா? பிடியரிசி எடுத்து வைப்பதும் கணக்கில் சேருமா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள், சகோதரி. விதவை போட்ட இரண்டு காசும் அவளுடையது. நீங்கள் கட்ட வேண்டிய தவணையோ இந்த மாதம் சீட்டு எடுக்கிற இன்னொரு வீட்டின் பணம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு 7-ல் வாசிக்கிறோம். நீங்கள் கொடுப்பதால் வரும் குறைவு உங்கள் தட்டில் தெரியட்டும். பிள்ளையின் பாலிலும் மாமியாரின் மாத்திரையிலும் கை வைக்கக் கூடாது.

ஒரு மாதம், உங்கள் இருவருக்காக மட்டும் செலவழிப்பதை நோட்டில் எழுதுங்கள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீ, ஒரு வடை, 25 ரூபாய் என்றால் 26 நாளைக்கு 650 ஆகிறது. அப்படி ஒன்றை மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டவர்கள் இரண்டாம் மாதமே சலித்துப்போவார்கள். அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனி உறையில் போட்டுவிடுங்கள், மாசக் கடைசியில் மிஞ்சும் என்று காத்திருந்தால் மிஞ்சாது. கணவருக்குத் தெரியாமல் கொடுப்பது பின்னால் சண்டையாகும்.

பிடியரிசி நல்ல பழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தால் ஏறக்குறைய 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் ரேஷனில் இலவசமாக வந்து, வீட்டில் யாரும் சாப்பிடாத அரிசியை ஒதுக்காதீர்கள். விலை கொடுக்காமல் வாங்கிப் பலி செலுத்தமாட்டேன் என்று, தன் களத்தை இலவசமாகத் தர வந்த அர்வனாவிடம் தாவீது ராஜா சொன்னது (2 சாமுவேல் 24:24) இதற்கும் பொருந்தும். நீங்கள் பொங்கிச் சாப்பிடும் அரிசியே அதில் விழட்டும். பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள். ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும், வாங்கினவர்கள் கொட்டத்தான் வேண்டும். டப்பா ஈரமில்லாமல் இருக்கட்டும். நாலு காய்ந்த மிளகாய் போட்டு, மாதாமாதம் காலி செய்துவிட்டால் வண்டு ஏறாது.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருவில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளுக்கு உதவ நினைக்கிறோம். எப்போது, எப்படிக் கொடுப்பது?
– இளைஞர் ஐக்கியத்தினர், காசிமேடு

பதில்: தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு, படகு நின்றால் பங்கும் நிற்கும். பலரும் ஏப்ரலிலேயே அரிசி மூட்டை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். கை வறண்டுபோவது மே கடைசியில். மளிகைக் கடைப் பற்று ஏறியிருக்கும், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் நோட்டு, பை, செருப்பு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பொருளை விடப் பணம் நல்லது, எது அவசரம் என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும். பத்துப் பேர் ஜனவரி முதல் மே வரை மாதம் 200 ரூபாய் ஒதுக்கினால் 10,000 சேரும். ஐந்து வீட்டுக்கு 2,000 கொடுக்கலாம். இருபது வீட்டுக்கு 500 கொடுத்தால் எந்த வீட்டுப் பற்றும் தீராது.

உறையை வீட்டு அம்மாவின் கையில், இருட்டின பிறகு, ஒருவர் மட்டும் போய்க் கொடுங்கள். போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் பெயர் வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாங்க" என்று அந்த வாசலில் நின்று சொல்லவே வேண்டாம். சொன்னால் அது கைமாறு கேட்பதாகிவிடும்.

கேள்வி: சபைச் சகோதரர் ஒருவர் வட்டிக்கு வாங்க என்னை ஜாமீன் கேட்கிறார். மறுப்பது அன்பில்லாத செயலா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இல்லை. நீதிமொழிகள் 22:26, 27 இதையே எச்சரிக்கிறது. திரும்பி வராவிட்டாலும் தாங்குகிற ஒரு தொகையை, 1,000 ஆனாலும், கடனாக இல்லாமல் கொடையாகக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் பணமே இல்லை. ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து (தவக்கால) நாட்களில் வேறு என்ன கொடுக்கலாம்?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். பெண்கள் அடுத்த முறைக்கு நாலு மாதம் இடைவெளி விட வேண்டும். உபவாச நாளில் போகாதீர்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் மயக்கம் வரலாம். எடையோ ஹீமோகுளோபினோ போதாவிட்டால், நோயாளிக்குத் துணையிருந்து நாலு நாளாகத் தூங்காத பக்கத்து வீட்டு அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு பகல் நீங்கள் அந்தக் கட்டிலருகே உட்காருங்கள். மருந்துச் சீட்டு எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்குப் போன் செய்வது என்பதை அவர் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.