கேலிக் ஃபுட்பால் கோச் ஆவதற்கு 600 யூரோவா?

கேள்வி: டப்ளினுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மகன் கேலிக் ஃபுட்பால் (பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்து ஆட்டம்) ஆடும் கிளப்பில் 10 வயதுக்குட்பட்ட அணிக்கு உதவச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஓர் ஏஜென்ட், '600 யூரோ கொடுங்கள், போலீஸ் சரிபார்ப்பு, கோச் சான்றிதழ் இரண்டையும் முடித்துத் தருகிறேன். ஐந்து வருடத்தில் கவுண்டி (மாவட்ட) அணிக்கே மேனேஜர் ஆகி நல்ல சம்பளம் வாங்கலாம். டைரோன் கவுண்டிக்கு மேனேஜராக இருந்த மிக்கி ஹார்ட் அப்படி வந்தவர்தான்' என்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், ஐயா. கட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அவர் உங்களைப் பயமுறுத்துவது கார்டா வெட்டிங் என்கிற போலீஸ் சரிபார்ப்பைக் காட்டித்தான். அயர்லாந்தில் சிறுவர்களோடு பழகும் பயிற்சியாளரைக் காவல்துறையின் தேசியச் சரிபார்ப்புப் பிரிவு விசாரித்து முடித்த பிறகே களத்தில் இறக்க வேண்டும். இது சட்டம். ஆனால் தனிநபர் யாரும் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கிளப் உங்கள் அடையாள ஆவணங்களைப் பார்த்து, இந்த ஆட்டத்தை நடத்தும் அமைப்பான ஜிஏஏ வழியாக அனுப்பினால்தான் உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். காவல்துறை இதற்குக் காசு வாங்குவதில்லை. நீங்களே போட முடியாத விண்ணப்பத்தை ஏஜென்ட் எந்தச் சந்து வழியாகப் போடுவார்?

படிவத்தில் பிறந்ததிலிருந்து குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். திருச்சி வீடு, ஹாஸ்டல், வாடகைக்கு இருந்த மொட்டைமாடி அறை, எதையும் விடாதீர்கள். இந்த இடத்தில் சலித்துப்போய்த்தான் நம் ஆட்கள் பாஸ்போர்ட் நகலை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 600 யூரோ போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த நகல் எங்கெங்கே சுற்றும் என்று யாருக்குத் தெரியும்? வருடத்துக்கு இரண்டு பேராவது இப்படி ஏமாந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் படித்தவர்கள், அதுதான் எரிச்சல்.

வெட்டிங் தவிர, சிறுவர் பாதுகாப்பு வகுப்பு ஒன்று, தொடக்கநிலைப் பயிற்சியாளர் வகுப்பு ஒன்று. இரண்டையும் கிளப்பே சொல்லும், பெரும்பாலும் கட்டணத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடுத்து சம்பளம். ஜிஏஏ அமெச்சூர் அமைப்பு. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் முன்னால் ஆடுகிற வீரருக்கும் சம்பளம் கிடையாது, ஓரத்தில் நிற்கிற மேனேஜருக்கும் கிடையாது. பயணச் செலவு மாதிரி கையிலிருந்து போட்ட காசு திரும்ப வரும், அவ்வளவுதான். மீத் கவுண்டி அணிக்கு நான்கு அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கித் தந்த ஷான் பாய்லன் மூலிகை வைத்தியர். டப்ளினுக்கு 2013 முதல் 2019 வரை ஆறு கோப்பை வென்ற ஜிம் கேவின் விமானப்படையில் விமானியாக இருந்தவர். இவர்களுக்குச் சோறு போட்டது வேறு தொழில்.

மிக்கி ஹார்ட் பெயரை அந்த ஏஜென்ட் ஏன் இழுத்தாரோ, அவர் கதை ஏஜென்டுக்கு எதிராகத்தான் பேசுகிறது. ஹார்ட் பள்ளி ஆசிரியர். 1991இல் டைரோன் கவுண்டியின் மைனர் அணியை, அதாவது 18 வயதுக்குட்பட்டோரை, ஏற்றார். அகில அயர்லாந்து மைனர் பட்டம் வந்தது 1998இல்தான். பிறகு 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு 2000, 2001 என்று இரண்டு பட்டங்கள். அதற்கும் பிறகே, 2002 கடைசியில், பெரியவர்கள் அணி அவர் கைக்கு வந்தது. மறு வருடமே ஆர்மாவைத் தோற்கடித்து டைரோன் வரலாற்றின் முதல் கோப்பை. அந்த அணியில் பலர் அவர் சிறுவயதிலிருந்து வளர்த்த பையன்கள். 2005, 2008 இரண்டு முறையும் இறுதியாட்டத்தில் கெர்ரியை வீழ்த்தினார். 2020 வரை அங்கேயே இருந்தார். இதில் எந்தச் சான்றிதழ் 600 யூரோவுக்குக் கிடைத்தது?

அப்படியானால் காசு புழங்குவதே இல்லையா என்பீர்கள். புழங்குகிறது, கணக்கில் வராமல் உறையில். 2012இல் ஜிஏஏவின் தலைமை இயக்குநர் போரிக் டஃபியே இதைப் பற்றி விவாத அறிக்கை வெளியிட்டார்: விதியை அமல்படுத்துங்கள், அல்லது கொடுப்பதை வெளிப்படையாகக் கொடுங்கள், இப்படியே மட்டும் விடாதீர்கள் என்று. என்னைக் கேட்டால், இப்படியேதான் விட்டார்கள். கண்ணை மூடிக்கொள்வதை ஒரு நிர்வாகக் கலையாகவே வளர்த்துவிட்டார்கள். ஆனால் வரித்துறை விசாரிக்க வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உறை வாங்கியவரும்தான். வெளிநாட்டு அனுமதியில் இருக்கிற உங்களுக்கு அந்த வம்பே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மேனேஜர் பதவியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இந்தக் குழப்பத்தில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். கிளப்புகளிலும் பள்ளிகளிலும் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்றுத்தர முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். டப்ளினில் பல கிளப்புகள் அவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கும். இது விளம்பரம் போட்டு, நேர்முகம் வைத்து ஆள் எடுக்கும் வேலை. பெரிய அணியை நடத்துகிற வேலை அன்று, பள்ளி பள்ளியாகப் போய் ஏழு வயதுக் குழந்தைக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. கிளப்பில் நாலைந்து வருடம் உங்களைப் பார்த்தவர்கள் நல்ல வார்த்தை சொன்னால் பலன் உண்டு. ஏஜென்டின் சிபாரிசு அங்கே குப்பைக்கூடைக்குத்தான்.

அடுத்த பயிற்சி நாளன்று பாஸ்போர்ட்டையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு, கிளப்பின் சிறுவர் நலப் பொறுப்பாளர் யாரென்று கேட்டு நேரில் பாருங்கள். அந்த வயதுக்குக் கோப்பைப் போட்டி கிடையாது, பதற்றமும் வேண்டாம். பழக்கதோஷத்தில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பையனைப் பார்த்து விசில் மட்டும் ஊதிவிடாதீர்கள்.