ஓவியமும் தத்துவமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தத்துவ வாசிப்பு ஓவியருக்கு உதவுமா, அல்லது கையைக் கட்டிப்போட்டுவிடுமா?

பதில்: எனக்கு இரண்டுமே நேர்ந்திருக்கிறது. இருபதுகளில், படித்ததையெல்லாம் கித்தானில் ஏற்றிவிடத் துடித்து, கறுப்புப் பின்னணியில் வெற்று நாற்காலிகளாக வரைந்து தள்ளினேன். அவை ஓவியங்கள் அல்ல, படித்த பக்கங்களுக்கான பொழிப்புரைகள். பின்னர் ஒருநாள் காலை, சன்னலோரம் கிடந்த வெள்ளைத் துணியொன்றை வரைய உட்கார்ந்தபோது, அதன் நிழல் மடிப்புகள் நீலம் பூசியும், அருகிலிருந்த ஆரஞ்சுப் பழத்தின் பக்கம் மெல்லிய செம்மை ஏறியும் இருந்ததைக் கண்டேன். ‘துணி வெள்ளை’ என்பது நான் அறிந்திருந்த செய்தி; கண்ணெதிரே வெள்ளை ஏறக்குறைய எங்குமே இல்லை. அறிந்ததையும் கண்டதையும் பிரித்துப் பார்க்கும் அந்தச் சந்தேகத்தை எனக்குப் பழக்கியது தத்துவம்தான்.

கேள்வி: ஓவியர்களை அவ்வளவு தாழ்த்திய பிளேட்டோவை எப்படி உங்களால் நேசிக்க முடிகிறது?

பதில்: ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில், கட்டிலின் மூல வடிவம், தச்சன் செய்த கட்டில், ஓவியன் தீட்டிய கட்டில் என்று அடுக்கி, ஓவியனைக் கடைசியில் நிறுத்துகிறார். கட்டில் ஒரு பக்கத்திலிருந்து தோன்றும் விதத்தை மட்டுமே ஓவியன் பிடிக்கிறான் என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. அது சரியான கணிப்பே. அவர் குறை என்று சொன்னதை நான் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கேள்வி: ஓவியனின் மனத்தை அறிந்து எழுதிய தத்துவவாதி என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: மெர்லோ-பொந்தி. பிரெஞ்சு ஓவியர் செசானின் ஐயத்தைப் பற்றி 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. புலனுணர்வா சிந்தனையா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள மறுத்து, உலகம் கண்ணெதிரே உருக்கொள்ளும் கணத்தையே தீட்ட முயன்றவர் செசான் என்கிறார் அவர். இதன் பொருள் எனக்கு விளங்கியது ஓவிய வணிகர் வொல்லார் விட்டுச்சென்ற ஒரு குறிப்பால். 1899-இல் செசான் தீட்டிய தம் உருவப்படத்துக்காக 115 முறை அமர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். இறுதியில் செசான், சட்டையின் முன்பகுதி மட்டும் அப்படியொன்றும் மோசமில்லை என்று சொல்லிப் படத்தை நிறுத்திவிட்டாராம். படத்திலுள்ள கையில் வண்ணம் படாமல் இருந்த இரண்டு சிறு இடங்களைச் சுட்டியபோது, தோன்றியதை அங்கே வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து முழுப் படத்தையும் மீண்டும் தொடங்க வேண்டிவரும் என்றாராம். ஒரு துளி வண்ணம் மற்ற எல்லா வண்ணங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தை நான் எந்தத் தருக்க நூலிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. (115 முறை அசையாமல் அமர்ந்த வொல்லாரின் பொறுமையைப் பற்றியும் யாராவது எழுதலாம்.)

கேள்வி: தத்துவப் புதிர் எதையாவது தூரிகையால் சோதித்ததுண்டா?

பதில்: ஒன்றுண்டு. ஒளி ஊடுருவும் பச்சை இருக்கும்போது ஒளி ஊடுருவும் வெள்ளை ஏன் இருக்க முடியாது என்று தத்துவவாதி விட்கன்ஸ்டைன் தம் இறுதி ஆண்டுகளில் கேட்டார். பச்சைக் கண்ணாடி வழியே வெள்ளைத்தாள் பச்சையாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரியும். அதே விதிப்படி வெள்ளைக் கண்ணாடி வழியே வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிய வேண்டும், ஆனால் அது நிறமற்ற கண்ணாடியேயன்றி வேறில்லை. துத்தநாக வெள்ளையை எண்ணெயில் நீர்க்கக் கரைத்து, உலர்ந்த கரும்பழுப்பின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற வெள்ளை கிடைக்கவில்லை. நீலம் கலந்த புகைமூட்டம்தான் படர்ந்தது. புதிர் தீரவில்லை, ஆனால் தொலைமலைகளை வரைய அன்று முதல் அந்தப் பூச்சையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: இரண்டையும் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் எந்த நூலைப் படிக்க வேண்டும்?

பதில்: நூல் பிறகு. ஒரே கோப்பையை ஒரே இடத்தில் வைத்து, ஒரு வாரம், காலையிலும் மாலையிலும் வரையுங்கள். பதினான்கு படங்களையும் அருகருகே பரப்பி, எது அந்தக் கோப்பை என்று உங்களையே கேளுங்கள். எந்த நூல் வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.