ஆகஸ்டில் காயவிட்ட கொடிக்கு அக்டோபரில் தண்ணீர் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், கோடையில் கொடியைக் காயவிட்ட மேலாளர் அறுவடை முடிந்தபின் நிறையத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வது தலைகீழாக இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுப்பில் வந்து, சுருளிப்பட்டியில் எங்கள் பன்னீர்த் திராட்சைப் பந்தலடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சோழவந்தானில் வளர்ந்த உங்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. ஏனென்றால் நம் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் கொடிக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும் நாள்தான் அதற்கு விடியல்.

யாக்கிமாவிலோ பகல் சுருங்கிக் குளிர் ஏற ஏற, பச்சைத் தண்டு பழுப்பேறி முற்ற வேண்டும், மொட்டும் உறங்கிவிட வேண்டும். காய் பிடித்ததிலிருந்து நிறம் மாறும்வரை தண்ணீரைச் சற்றே குறைத்தால் நுனி வளர்ச்சி நேரத்தோடு நின்று தண்டு முற்றுகிறது. அங்கே நான் வேலை பார்த்த முதல் ஆண்டில் இது எனக்குப் புரியவில்லை. வாடிய இளங்கொடிகளைப் பார்க்கப் பொறுக்காமல் செப்டம்பரில் சொட்டுநீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டேன். பச்சையாகவே நின்ற நுனிகள் முதல் உறைபனியில் வெந்த கீரைபோலத் துவண்டுவிட்டன.

அதற்காக இலை கருகும் அளவுக்குக் காயவிடுவதும் தவறு. இலை போனால் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்து சேராது. குளிரில் சர்க்கரையாக மாறி உயிரணுக்களைக் காப்பது அந்தச் சேமிப்புதான். நன்கு முற்றிய ஐரோப்பிய வகைக் கொடியின் மொட்டு, நடுக்குளிர்காலத்தில் சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரையும், சில வகைகளில் அதைவிடக் கடுங்குளிரையும் தாங்கும்.

வேருக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை, அக்டோபர்த் தண்ணீர் அதற்காகத்தான். உலர்ந்த மண்ணில் உறைபனி விரைவாக ஆழம்வரை இறங்கும். ஈரமண்ணோ வெப்பத்தைப் பிடித்துவைத்திருப்பதோடு, அதிலுள்ள நீர் உறையும்போதும் வெப்பத்தை வெளிவிடுவதால், குளிர் இறங்கத் தாமதமாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் அந்த நிலத்தில் வானத்தை நம்ப முடியாது. நம் பெரியாற்றுக் கால்வாயைப் போலவே அங்கும் ஒரு கெடு உண்டு, அக்டோபரில் பாசனக் கால்வாயை அடைத்துவிடுவார்கள். தண்டு பழுப்பேறுமுன் பாய்ச்சினால் நான் செய்த பிழையையே நீங்களும் செய்வீர்கள். பழுப்பேறியபின் இரண்டடி தோண்டிப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டவில்லையென்றால், கால்வாய் அடைபடுமுன் இன்னொரு தண்ணீர் விடும்படி மேலாளரிடம் கேளுங்கள்.